குடும்பிமலையில் கைகொடுத்த பட்டிக்கார அண்ணனுக்கு

ஐப்பசிக் கடைசியில் மட்டக்களப்புக் குடும்பிமலையில் இருந்து மகளையும் என்னையும் பத்திரமாக இறக்கிவிட்ட அண்ணனுக்கு இந்த நன்றி. பெயர் கேட்டேன், சிரித்துவிட்டு மாடுகளுக்குப் பின்னால் போய்விட்டீர்கள்.

வாடை தொடங்கும் காலத்தில் அந்தப் பாறை எப்படி மாறும் என்பது உங்களைப் போல அங்கேயே மாட்டுப் பட்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். வெயிலில் சொரசொரவென்று காலைப் பிடிக்கும் கல், நாலு தூறல் விழுந்ததும் பாசி ஊறி வழுக்கத் தொடங்கிவிடும். "கறுப்பா இருக்கிற இடத்துல கால் வைக்காத மனே, வெள்ளைக் கல்லப் பார்த்து மிதி" என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, உங்கள் கம்பை அவள் கையில் கொடுத்து, எப்போதும் அவளுக்கு ஒரு எட்டு கீழேயே நின்று இறங்கினீர்கள். அவள் சறுக்கினால் உங்கள் மேல்தான் விழ வேண்டும் என்று கணக்குப் பண்ணித்தான் அப்படி நின்றீர்கள். அது எனக்கு அப்போதே விளங்கியது, அண்ணன்.

அப்புறம் மலையில் இருந்து கிரான் ஊருக்குத் திரும்பும் பாதை. அங்கே மழை இல்லாவிட்டாலும் மேற்கே காட்டில் கொட்டினால் தண்ணீர் தாம்போதிக்கு, அந்தத் தாழ்வான பாலத்துக்கு, மேலால் பாயும். மாரியில் சனம் தோணியிலும் உழவு இயந்திரத்திலும்தான் கடக்கிறது. "பொழுதுபட முதல் கடந்திருங்க, யானையும் இறங்கும்" என்று நீங்கள் அவசரப்படுத்தியிராவிட்டால் அன்று வீடு வந்து சேர்ந்திருக்க மாட்டோம்.

வெயில் காலத்தில் மறுபடியும் ஏற வேண்டும் என்கிறாள் மகள். பங்குனியில் வருவோம். கிரான் பக்கத்து ஆட்கள் யாராவது இதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினால் பெரிய உதவி.