கட்டுரை நூல்களும் ஒலி வடிவம் பெற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழில் ஒலிநூல் என்றதும் சரித்திர நாவல்களும் சிறுகதைகளும் தன்னம்பிக்கை நூல்களுமே முன்னால் வந்து நிற்கின்றன. அவற்றின் மீது எனக்குக் குறை ஏதுமில்லை. ஆனால் ஒரு துறையைப் பொறுமையாக விளக்கிச் சொல்லும் கட்டுரை நூல்கள் அரிதாகவே ஒலி வடிவம் பெறுகின்றன. அவற்றுள்ளும் கிறிஸ்தவ இறையியல், கடலில் உயிர்காத்தல் ஆகிய இரண்டையும் பதிப்பாளர்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. கடலூர், புதுச்சேரிக் கரையில் இவ்விரண்டுக்கும் கேட்போர் இருக்கிறார்கள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தினர், கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையினர், தென்னிந்தியத் திருச்சபையினர் எனப் பலரும் வாழும் பகுதி இது. பாடல்களும் பிரசங்கங்களும் கைப்பேசியில் வேண்டிய மட்டும் கிடைக்கின்றன. பிரசங்கம் மனத்தைத் தூண்டுமே தவிர, அரை மணி நேரத்தில் அதனால் ஒரு வாதத்தை முழுமையாக விரித்துரைக்க இயலாது. 325ஆம் ஆண்டில் நைசியாவில் திருச்சங்கமாகக் கூடிய ஆயர்கள் எதைப் பற்றி வாதிட்டார்கள், அலெக்சாந்திரியக் குருவான ஆரியுஸ் சொன்னது என்ன, அதை ஏன் மறுத்தார்கள் என்பதை ஒருவர் நான்கைந்து மணி நேரம் நிதானமாக எடுத்துச் சொல்லத் தமிழில் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அத்திருச்சங்கத்தின் 1700ஆம் ஆண்டு நிறைவு 2025இல் வந்தது. அதையொட்டியாவது இப்படியொரு ஒலிநூல் வந்திருக்கலாம். பொடி எழுத்தில் அச்சான இறையியல் நூல்கள், என்னைப் போலக் கண்பார்வை மங்கியவர்களுக்கு இன்று அலமாரியை நிரப்ப மட்டுமே பயன்படுகின்றன.

ஒலிநூலைப் புதுமோகம் என்று ஒதுக்குவோர் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்கலாம். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ ஒரு மறைக்கல்வி நூல். அதைத் தந்த என்றிக்கே என்றிக்கசு அடிகளார் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றியவர். அவருக்கு முன்பே, 1542 முதல் அதே கரையில் புனித சவேரியார் தெருத்தெருவாக மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி, தமிழாக்கிய மன்றாட்டுகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். எழுத்தறியாத கடலோர மக்கள் காதால் கேட்டே கற்ற மறை இது.

கடலில் உயிர்காத்தல் பற்றிய அறிவோ இன்னும் துண்டறிக்கைகளிலும் ஒருநாள் பயிற்சி முகாம்களிலும் தங்கிவிடுகிறது. படகு கவிழ்ந்தால் நீந்திக் கரைசேர முயலாமல் படகையே பற்றியிருக்க வேண்டும் என்று முகாமில் சொல்கிறார்கள். தேடிவரும் விமானத்திலிருந்து பார்ப்பவருக்கு அலைகளுக்கிடையே ஒரு மனிதத் தலை ஏறக்குறையத் தெரியவே தெரியாது, கவிழ்ந்த படகு தெரியும் என்ற காரணத்தையும் சேர்த்து விளக்கினால்தான் அது ஆபத்து நேரத்தில் நினைவுக்கு வரும். கடல்நீரைக் குடித்தால் அந்த உப்பை வெளியேற்றவே உடல் தன் நீரை இழக்கிறது என்பதும், கடலோரக் காவல் படையின் 1554 என்ற அவசர உதவித் தொலைபேசி எண்ணும், வி.எச்.எஃப். வானொலிக் கருவியில் அபாய அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையும் அவ்வாறே காரணகாரியத்தோடு சொல்லப்பட வேண்டியவை. ஆபத்தில் சிக்கிய படகிலிருந்து 406 மெகாஹெர்ட்ஸ் அபாய ஒலிபரப்பி அனுப்பும் குறிப்பைச் செயற்கைக்கோள் வழியாகக் கேட்கும் ஏற்பாட்டை, பனிப்போரின் நடுவிலும் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கனடா, பிரான்சு நாடுகளுடன் சேர்ந்து உருவாக்கின. 1982இல் அதன் வழியாக முதல் உயிர்கள் காக்கப்பட்டன. நாவலுக்குச் சற்றும் குறையாத வரலாறு இது.

இரு துறைகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. என்னைக் கேட்டால் அங்கிருந்தே தொடங்கலாம். திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தில் பவுல் சென்ற கப்பல் புயலில் சிக்குகிறது. பதினான்காம் இரவில் மாலுமிகள் ஆழம் பார்க்கிறார்கள். இருபது பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி), சற்று நேரத்தில் பதினைந்து பாகம். பின்புறம் நான்கு நங்கூரங்களை இறக்கி விடியலுக்காகக் காத்திருந்து, முடிவில் 276 பேரும் உயிருடன் மால்தா தீவில் கரையேறுகிறார்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மித் என்ற பாய்ப்படகு ஆர்வலர் மால்தாவிலேயே ஒரு குளிர்காலம் தங்கி இதை ஆராய்ந்து, காற்றில் அடித்துச் செல்லப்படும் அத்தகைய கப்பல் மணிக்குச் சுமார் ஒன்றரை மைல் நகரும், மால்தாவை அடையப் பதின்மூன்று நாள் ஆகும் என்று 1848இல் கணக்கிட்டு எழுதினார். இன்று ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் நிறுவனம் வைத்திருக்கும் ‘சாரட்’ என்ற கருவி, படகு கடைசியாகக் காணப்பட்ட இடத்தையும் நேரத்தையும் கொண்டு, காற்றையும் நீரோட்டத்தையும் கணித்து எங்கே தேடலாம் என்று காட்டுவதும் இதே வழியில்தான். இறையியல் ஆசிரியர் ஒருவரும் கடலறிந்த ஒருவரும் சேர்ந்து அமர்ந்தால் இந்த ஒரு பயணத்தைப் பற்றியே அருமையான ஒலிநூல் செய்துவிடலாம். கல்லோடு கடலில் தள்ளப்பட்ட அப்பர் பெருமான் கரையேறிய இடமாகக் கரையேறவிட்டகுப்பத்தைப் போற்றும் ஊர் எங்களுடையது. ஆதலால் இதைக் கேட்கக் கிறிஸ்தவர்கள் மட்டும்தான் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

செய்நேர்த்தி பற்றியும் சொல்ல வேண்டும். செலவு குறைவு என்பதற்காக இயந்திரக் குரலிடம் இவ்வேலையை விடக் கூடாது. ‘ரோமையர் 5:8’ என்பதை ‘ஐந்து மணி எட்டு நிமிடம்’ என்று அது வாசிக்க நானே கேட்டிருக்கிறேன். பொருள் தெரிந்தவர் வாசிக்க வேண்டும். அடிக்குறிப்புகளைப் பேச்சோட்டத்துக்கு ஏற்ப முதன்மை உரையிலேயே சேர்க்க வேண்டும். பின்னணி இசை வேண்டவே வேண்டாம்.

சட்டத்தாலும் பெரிய தடையில்லை. ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்த நூல்கள் பொதுவுடைமை. பார்வையற்றோருக்கான வடிவங்களுக்கு 2012இல் பதிப்புரிமைச் சட்டத்திலேயே விலக்கு அளிக்கப்பட்டுவிட்டது. அதற்கான மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் முதலில் ஒப்புதல் தந்த நாடும் இந்தியாதான்.

இறையியல் கல்லூரிகளும் மீன்வளத் துறையும் கடலோரக் காவல் படையும் பொது நூலகத் துறையும் இதில் கைகோக்கலாம். கரையை விட்டுச் சற்றுத் தொலைவு சென்றாலே சிக்னல் அற்றுப்போவதால், இணையத்தில் மட்டும் வைத்தால் பயனில்லை. தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோத்திக்குப்பம் போன்ற ஊர்களில் மெமரி கார்டில் ஏற்றித் தர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். உயிர்காத்தல் பற்றிய ஒலிநூலாவது வரும் தடைக்காலத்துக்குள் கிடைக்குமாறு சம்பந்தப்பட்ட துறைகள் ஏற்பாடு செய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.