உஹெல்னா கிராமத்துக்குக் குடிநீர்க் குழாய் இணைப்பு கேட்டு மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
உஹெல்னா கிராமத்தினர்,
ஹ்ராடெக் நாட் நிசோவ்,
லிபெரெட்ஸ் மாவட்டம், செக் குடியரசு.

பெறுநர்:
குடிநீர் வழங்கல் பிரிவு அதிகாரி அவர்கள்.

நாள்: 2022 ஆகஸ்ட்

பொருள்: கிணறுகள் வற்றியதால் பொதுக் குடிநீர்க் குழாயில் இணைப்புத் தருமாறு வேண்டுதல் – முன்பு அனுப்பிய மனுக்களின் தொடர்ச்சி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக முன்பு அனுப்பிய மனுக்கள் எதற்கும் பதில் வரவில்லை. தங்களுக்கு வேலை அதிகம் என்பது தெரிந்தும், வேறு வழியில்லாமல் மறுபடியும் எழுதுகிறோம்.

எங்கள் ஊர் தங்களுக்குப் புதிதல்ல. ஹ்ராடெக்கிலிருந்து மேடேறி வரும் சாலை, அதை ஒட்டிச் சிதறிக் கிடக்கும் வீடுகள், வடக்கே போலந்து எல்லை, மேற்கே நிசா ஆற்றங்கரையில் செக், போலந்து, ஜெர்மனி மூன்றும் சந்திக்கும் இடம். போலந்து எல்லையைத் தாண்டினால் துரோவ் என்ற திறந்தவெளிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். ஊர் மேட்டில் நின்றாலே அதன் பள்ளம் கண்ணில் படும்.

1. முதலில் தண்ணீர். இங்கே பல வீடுகளுக்குச் சொந்தக் கிணறுதான் ஆதாரம். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால், முன்பு தண்ணீர் நின்ற உயரம் வரை கல்லில் பாசி காய்ந்து கறுத்திருக்கிறது. அதற்குக் கீழே வெறும் கல், அடியில் சேறு. மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரம் காற்றை இழுத்து உறுமும், அப்புறம் செம்மண் நிறத்தில் கலங்கல் வரும். உடனே நிறுத்தாவிட்டால் மோட்டார் கருகிவிடும். அந்தக் கலங்கலை வாளியில் பிடித்துத் தெளியவைத்து, மேலாக மொண்டு பாத்திரம் கழுவுகிறோம். குடிக்கக் கடைத் தண்ணீர். துணி துவைக்க ஹ்ராடெக்கில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். போகச் சொந்தக்காரர் இல்லாத வயதானவர்கள் என்ன செய்வார்கள், ஐயா?

2. இந்தக் கிணறுகளில் பல, 1945-க்கு முன்பு இங்கே வாழ்ந்த ஜெர்மன் மொழிக் குடும்பங்கள் தோண்டியவை. 1938-இல் மியூனிக் ஒப்பந்தத்தால் இந்தப் பகுதி ஜெர்மனிக்குப் போனது. போர் முடிந்ததும் அந்தக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. காலியான வீடுகளுக்கு எங்கள் பெற்றோர்களும் தாத்தா பாட்டிகளும் வந்து குடியேறினார்கள். ஆட்சி மாறியது, மொழி மாறியது, கிணற்றில் மட்டும் தண்ணீர் வற்றவில்லை. இப்போதுதான் வற்றுகிறது.

3. காரணம் எங்களைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சுரங்கம் 1904 முதல் இயங்குகிறது. பள்ளம் 200 மீட்டரையும் தாண்டிவிட்டது. அதற்குள் ஊறும் நீரை ஓயாமல் இறைத்தால்தான் கரி வெட்ட முடியும். இறைக்க இறைக்க, சுற்றுவட்டார நிலத்தடி நீர் அந்தப் பள்ளத்தை நோக்கியே நகர்கிறது. எல்லைக் கோடு தரைக்கு மேலேதான் உண்டு, நீர்த்தாங்கிப் பாறைக்கு இல்லை. இதை நாங்களாகச் சொல்லவில்லை. நம் அரசே 2021 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போய்ச் சொன்னது. அந்த மே மாதம் சுரங்க வேலையை நிறுத்தச் சொல்லி நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. போலந்து நிறுத்தாததால் செப்டம்பரில் அதற்கு ஒரு நாளைக்கு 5,00,000 யூரோ அபராதம் விதித்தது.

4. பிறகு 2022 பிப்ரவரி 3 அன்று இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன, வழக்கு வாபஸ் ஆனது. போலந்து தர ஒப்புக்கொண்டது மொத்தம் 45 மில்லியன் யூரோ. சுரங்கத்துக்கு 2044 வரை அனுமதி இருக்கிறது. நிலத்தடியில் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள், சரி. அந்தச் சுவர் நீர் மேலும் போகாமல் தடுக்கலாம். ஏற்கெனவே போன நீரை அது எங்கள் கிணற்றுக்குத் திருப்பிக் கொண்டுவருமா? அந்தப் பணம் எங்களுக்கு வேண்டாம். எங்கள் வாசலுக்கு ஒரு குழாய் வேண்டும்.

5. குளிர்காலம்.

போன குளிர்காலத்தில் தண்ணீர் லாரி வந்த நாட்களில், அதன் குழாய்வாய் உறைந்து நின்றது. வெந்நீர் ஊற்றித்தான் திறக்க வேண்டும். அந்த வெந்நீருக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது? பனியை அள்ளி அடுப்பில் உருக்கினோம். ஐரோப்பாவின் நடுவில், நீதிமன்றத்தில் நாட்டின் பெயரைச் சொல்லி வழக்காடிய தண்ணீருக்காக, நாங்கள் பனியை உருக்கினோம். மாட்டுத் தொழுவம் வைத்திருந்தவர்கள் மாடுகளை விற்றுவிட்டார்கள். பிள்ளைகள் ஊரை விட்டுப் போகிறோம் என்கிறார்கள், அவர்களை இருக்கச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. இதையெல்லாம் முந்தைய மனுக்களிலும் எழுதினோம். நீங்கள் படித்தீர்களா இல்லையா என்பதுகூட எங்களுக்குத் தெரியவில்லை. "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வந்திருந்தாலும் பொறுத்திருப்போம். எத்தனை குளிர்காலம் பொறுப்பது?

மன்னிக்கவும் ஐயா, கோபத்தில் எழுதிவிட்டோம். ஆனால் எழுதியதில் பொய் எதுவும் இல்லை.

6. ஆகவே தங்களை மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்: கிணறு வற்றிய வீடுகளைப் பொதுக் குடிநீர்க் குழாயுடன் இணைக்கும் வேலையை உடனே தொடங்குங்கள். எந்தத் தேதியில் தொடங்கும், எந்த வீடு வரை வரும் என்று எழுத்தில் தெரிவியுங்கள். அதுவரை லாரி வாரம் தவறாமல் வரட்டும், வண்டியில் உறையாத குழாய் இருக்கட்டும். கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்ட அளவுகளை ஊர் அறிவிப்புப் பலகையில் மாதாமாதம் ஒட்டச் செய்யுங்கள்.

ஒரு முறை நேரில் வாருங்கள். எந்த வீட்டுக் கிணற்று மூடியை வேண்டுமானாலும் திறந்து காட்டுகிறோம். எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டும், இந்தப் பனி விழுவதற்கு முன்பு வேண்டும்.

இப்படிக்கு,
உஹெல்னா கிராமத்தினர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், கிணறுகளின் புகைப்படங்கள், வீட்டு வாரியாகக் கையொப்பப் பட்டியல்.