மருந்தியல் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, மதிப்பாய்வாளர்களே, வணக்கம்.

ரத்தத்தில் உள்ள பலவும் மூளைக்குள் போகாமல் தடுக்கும் செல் அடுக்கான மனித ரத்த-மூளைத் தடுப்புக்கு ஆய்வக மாதிரி என்று சென்ற மாதம் இன்னொரு கட்டுரை வந்திருக்கிறது. செல் அடுக்கின் இறுக்கத்தைக் காட்டும் டீர் (TEER) மின்தடை 3000 ஓம் என்கிறது. எந்த அளவு இன்சர்ட் (குழிக்குள் வைக்கும், செல்கள் வளரும் சவ்வுக் கிண்ணம்), செல் இல்லாத வெற்று இன்சர்ட்டில் எவ்வளவு காட்டியது, எந்த வெப்பநிலையில் அளந்தார்கள், எதுவும் இல்லை. "முன்பு விவரித்தபடி" என்று ஒரே வரி. அந்தப் பழைய கட்டுரையைத் திறந்தால் அங்கும் அதே வரி.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: செல் வளர்ப்புத் தட்டின் குழிவாரியான மூல அளவீடுகள் இல்லாமல் டீர் எண்ணை அச்சிடாதீர்கள்.

24 குழித் தட்டின் இன்சர்ட்டுக்குப் பரப்பு 0.33 ச.செ.மீ. மீட்டர் 250 ஓம் காட்டுகிறது, வெற்று இன்சர்ட் 130 என்று வைத்துக்கொள்வோம். மீதி 120. பரப்பால் பெருக்கினால் சுமார் 40 ஓம் ச.செ.மீ. ஹெச்சிஎம்இசி/டி3 என்ற மனித மூளை ரத்தக்குழாய்ச் செல்வரிசைக்கு இது வழக்கமான அளவு. பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டால் 364 ஆகிவிடும். அலகில் ஒரு சாய்கோடு (ஓம்/ச.செ.மீ.) விழுந்ததால் ஒன்பது மடங்கு! இது எப்படி மதிப்பாய்வைத் தாண்டி வருகிறது?

வெப்பநிலையும் அப்படித்தான். 37 டிகிரி இன்குபேட்டரிலிருந்து தட்டை எடுத்ததுமே ஊடகம் ஆறத் தொடங்குகிறது. ஆற ஆற மின்தடை ஏறும். முதல் குழியிலிருந்து வரிசையாக அளந்துகொண்டே போனால், செல்களில் எந்த மாற்றமும் இல்லாமலே கடைசிக் குழி இறுக்கமாகத் தெரியும். கையில் பிடித்து அளக்கும், இரு குச்சி போன்ற சாப்ஸ்டிக் எலக்ட்ரோடு சற்றுச் சாய்ந்தாலே எண் தாவும். மருந்து இட்ட குழிகளெல்லாம் கடைசி வரிசையில் இருந்தால், ஏறியது மருந்தாலா, குளிராலா?

எண் உண்மையிலேயே உயர்ந்திருந்தாலும் போதாது. ஸ்டெம் செல்லிலிருந்து 2012 முதல் புழக்கத்தில் உள்ள முறையில் வளர்ந்த செல்கள், மரபணு வெளிப்பாட்டில் ரத்தக்குழாய்ச் செல்களை அல்ல, குடல் போன்றவற்றின் உட்பரப்பை மூடும் எபிதீலியல் செல்களையே ஒத்திருப்பதாக 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. குடல் செல்லும்தான் இறுகும். எபிதீலியல் செல்லின் அடையாளப் புரதமான எப்காம் இருக்கிறதா, ரத்தக்குழாய்ச் செல்லின் அடையாளமான விஈ-கேட்ஹெரின் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒளிரும் சாயமான சோடியம் ஃபுளுவோரசின் கசிவைக் கேளுங்கள். கொழுப்பில் கரையும் மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோனால் ஆன சிப் என்றால் உறிஞ்சியே விடும். ஆகவே செல் அடுக்கின் இரு பக்கமும் மிஞ்சிய மருந்தின் கூட்டுத்தொகையையும் கேளுங்கள்.

விலங்குச் சோதனை கட்டாயமில்லை என்று அமெரிக்கா 2022இல் சட்டம் திருத்திவிட்டது. மூளைப்புற்று மருந்துகளில் எது மேலே போகும், எது குப்பைக்குப் போகும் என்பதில் இனி இந்தத் தட்டுகளுக்குப் பங்கு கூடும். புது மாதிரிக்கு நிதியும் பரிசும் கிடைக்கின்றன. பழைய மாதிரியைச் சரிபார்ப்பவரின் கட்டுரை "புதுமை இல்லை" என்று திரும்பி வருகிறது. இதில் நிதிக்குழுக்களுக்கும் பங்குண்டு, உங்களுக்கும் உண்டு.

அருள்கூர்ந்து அடுத்த இதழிலிருந்தாவது ஓர் அட்டவணையைக் கட்டாயமாக்குங்கள்: குழிவாரி ஓம் அளவு, வெற்று இன்சர்ட், பரப்பு, வெப்பநிலை, அளந்த வரிசை. ஒரு பக்கம் கூட ஆகாது.

இப்படிக்கு,
தடுப்பு மாதிரிகளோடு வேலை செய்வோர்