செயலாளரின் ஆண்டறிக்கை: 2025 பருவம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, சந்தா செலுத்திய உறுப்பினர்களே, இனிமேல் செலுத்தவிருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஸ்காபரோவில் இயங்கிவரும் எமது பேஸ்போல் ரசிகர் சங்கத்தின் இவ்வாண்டுச் செயலறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். நிர்வாகசபைக் கூட்டங்கள் நடைபெற்றன. கோரம் இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டவையும் உண்டு. ஏப்ரலில் ஆரம்ப ஒன்றுகூடல், யூலையில் பூங்கா ஒன்றுகூடல், ஓகஸ்டில் எங்கள் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணியின் மைதானமான றோஜர்ஸ் சென்ரரின் 500ஆம் மட்டத்துக்கு ஒரு பயணம். எல்லாம் இனிதே நிறைவேறின.

அணியைப் பற்றிச் சுருக்கமாக. 2024இல் 74 வெற்றி, 88 தோல்வியோடு பிரிவின் கடைசியில் கிடந்த புளூ ஜேஸ், இவ்வருடம் 94 வெற்றி பெற்றது. யாங்கீஸும் 94தான். நேருக்கு நேர் மோதியதில் நாங்கள் கூட வென்றிருந்தபடியால் முதலிடம் எங்களுக்கு. பிறகு யாங்கீஸை வென்று, சியாற்றில் மரினர்ஸை வென்று, 1993க்குப் பின் முதல் தடவையாக, பருவத்தின் இறுதித் தொடரான உலகத் தொடருக்குப் போய், ஏழாவது ஆட்டத்தின் 11ஆவது இன்னிங்ஸில் டொஜர்ஸிடம் 5க்கு 4 என்று தோற்றோம். இதைப்பற்றி எல்லோரும் கதைத்துக் களைத்தாயிற்று. நான் சொல்லவேண்டியது சீஆர் கொப்பி என்கிற எங்கள் குறிப்பேட்டைப் பற்றி.

புதியவர்களுக்காக அதன் வரலாறு. 2023 ஒக்ரோபரில் மினசோட்டாவுக்கு எதிரான பிளேஓஃப் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், நன்றாக வீசிக்கொண்டிருந்த ஹொசே பெரியோஸை எங்கள் மனேஜர் ஜோன் ஷ்னைடர் 47 பந்துகளுடன் வெளியே எடுத்து, யூசெய் கிக்குச்சியைக் கொண்டுவந்தார். 2க்கு 0 என்று தோற்று வீட்டுக்கு வந்தார்கள். அன்றிரவு இந்த மண்டபத்தில் இருந்த எல்லோருமே “நான் அப்பவே சொன்னனான்” என்றார்கள். அப்போது யாரும் எதுவும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் கொப்பியைத் தொடங்கினேன். விதி ஒன்றுதான்: மனேஜர் ஒரு முடிவை எடுத்ததும், அடுத்த பந்து வீசப்படுவதற்கு முன் எழுதவேண்டும். இன்னிங்ஸ், ஸ்கோர், முடிவு, சரியா பிழையா, ஒரு வரியில் காரணம், கையொப்பம். முடிவு தெரிந்தபிறகு எழுதக்கூடாது. பேனாவை நூலால் கட்டி மேசையில் வைத்திருக்கிறேன். இது ரசிப்பைக் கெடுக்கிறது, பரீட்சை மண்டபம்போல் இருக்கிறது என்று சிலர் குறைபட்டார்கள். எங்கள் துடுப்பாளர் விளாடிமிர் கெரேரோ ஜூனியருடன் 14 வருடத்துக்கு 50 கோடி டொலருக்கு ஒப்பந்தம் என்று ஏப்ரலில் செய்தி வந்தபோது, “40 வயதில் இவர் ஓடுவாரா?” என்று எழுதிக் கையொப்பமிட்ட அன்பர், ஒக்ரோபரில் கெரேரோவின் 27ஆம் இலக்கச் சட்டையுடன் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். கெரேரோ சியாற்றில் தொடரின் சிறந்த வீரர் விருதை வாங்கியபோது எழுந்து நின்று கைதட்டினார். அன்பருக்குக் கொப்பி ஏன் பிடிக்கவில்லை என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

கொப்பியின் மிகச் சிறந்த குறிப்பு எங்கள் மனேஜரைப் பற்றியதல்ல. சியாற்றிலுடனான ஏழாவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ், 3க்கு 1 என்று பின்னால் நிற்கிறோம், இரண்டாம் மூன்றாம் பேஸ்களில் எங்கள் ஆட்கள், துடுப்புடன் ஜோர்ஜ் ஸ்பிரிங்கர். சியாற்றில் மனேஜர் டான் வில்சன், தன் குளோசர், அதாவது ஆட்டத்தை முடித்துவைக்கும் பந்துவீச்சாளர், ஆன்ட்ரேஸ் முனியோஸ் இருக்க, எட்வார்ட் பசார்டோவைக் கூப்பிட்டார். ஊரில் பாடசாலைக் காலத்தில் பேஸ்போல் போன்ற எல்லே விளையாடிய எமது மூத்த உறுப்பினரான அம்மா ஒருவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆறுதலாக எழுதினார்: “பிழை. கெட்டிக்காரனை ஆருக்குச் சேமிக்கிறார்?” பேனாவை வைத்துவிட்டுத் தேத்தண்ணியை எடுத்தார். ஸ்பிரிங்கரின் மூன்று ஓட்ட ஹோம் ரன் அதற்குப் பிறகுதான். குளோசர் என்றால் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு என்று கட்டிவைக்கிற பழக்கத்தைப்பற்றி எத்தனையோ நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அம்மா நான்கே நான்கு சொற்களில் முடித்துவிட்டார்.

உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் வழமையான ஒன்பதைத் தாண்டி 18 இன்னிங்ஸ் போனது. டொஜர்ஸின் ஷொஹே ஒஹ்டானியை ஷ்னைடர், அடிக்க விடாமல், வேண்டுமென்றே நான்கு முறை முதல் பேஸுக்கு நடக்கவிட்டார். “பயந்தாங்கொள்ளித்தனம்” என்று எழுதியவர்கள் பலர். நான் உடன்படவில்லை. அந்த மனிதர் அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு ஹோம் ரன் அடித்திருந்தார். மூன்றாவதைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் டொஜர்ஸ் ரசிகர் சங்கத்தில் சேரலாம். ஓடுவதற்கு மாற்று ஆட்களை விட்டு, எங்கள் துடுப்பாளர்கள் பிஷெற்றையும் கேர்க்கையும் வெளியே எடுத்தது வேறு விஷயம். வெளியே போனவர் திரும்ப வரமுடியாது. ஆட்டம் நீளநீள, துடுப்புக்கு ஆள் குறைந்துகொண்டே போனது. இதை நேரத்தோடே எழுதியவர்கள் இருவர். இருவரும் சந்தா கட்டியவர்கள்.

இனி அதே தொடரின் ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் 4க்கு 3 என்று முன்னால் நிற்கும்போது எங்கள் ஜெஃப் ஹொஃப்மனின் பந்தை டொஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்துச் சமன்செய்தார். ஹொஃப்மனைப் போட்டிருக்கக்கூடாது என்று அன்றிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுக்காதவர் இல்லை. கொப்பியைத் திறந்து பார்த்தேன். “பிழை” என்று ஒருவரும் எழுதவில்லை. எழுத நியாயமும் இல்லை. அவர் அணியின் குளோசர். எதிரில் நின்றவர் துடுப்பு வரிசையில் ஒன்பதாவது ஆள். ஷ்னைடரில் இதில் பிழை காண நான் தயாரில்லை.

ஆனால் அதே இன்னிங்ஸின் கீழ்ப்பாதி அப்படியல்ல. முழங்கால் காயத்தோடு விளையாடிய பிஷெற்றுக்குப் பதிலாக ஓட ஐசாயா கைனர்-ஃபலேஃபாவை அனுப்பியது சரி. மூன்று பேஸும் நிரம்பி, ஒருவர் மட்டுமே ஆட்டமிழந்த நிலையில், கைனர்-ஃபலேஃபா மூன்றாம் பேஸோடு ஒட்டிக்கொண்டு நின்றார். எங்கள் வார்ஷோ அடித்த பந்தை ரோஹாஸ் தடுமாறிக்கொண்டே எடுத்து ஹோம் பேஸுக்கு வீச, மயிரிழையில் ஆட்டமிழப்பு. மீள்பார்வையிலும் அதே தீர்ப்பு. இன்னும் ஓரடி முன்னால் நின்றிருந்தால் 32 வருடக் காத்திருப்பு முடிந்திருக்கும்.

அவர் ஏன் அப்படி நின்றார்? பேஸுக்குக் கிட்ட நிற்கச் சொன்னார்கள் என்று பிறகு அவரே சொன்னார். சொன்னவர்களின் மனதில் இருந்தது முந்தைய இரவு. ஆறாவது ஆட்டத்தின் கடைசிப் பந்தில் இரண்டாம் பேஸை விட்டு அதிகம் முன்னேறிய அடிசன் பார்ஜர் திரும்பமுடியாமல் மாட்டிக்கொண்டு, ஒரே பந்தில் இரண்டு பேர் போனார்கள். நேற்றைய பிழைக்கு இன்றைக்கு மருந்து குடித்தார்கள். வேறு பந்து, வேறு ஓட்டக்காரர், வேறு பேஸ். எனது கணிப்பில் இந்தப் பருவத்தின் ஆகப் பெரிய பிழை இதுதான். இதை ஹொஃப்மனைத் திட்டுகிற ஆட்கள் கவனிக்கவே இல்லை.

இதுபற்றி அடுத்த பந்துக்கு முன்பே எழுதப்பட்ட குறிப்பு கொப்பியில் ஒன்றே ஒன்று உள்ளது: “இன்னும் முன்னுக்கு நிக்கட்டும்.” கையொப்பம் என்னுடையது. அது மற்றக் குறிப்புகளைப்போல நீலத்தில் இல்லாமல் கறுப்பில் இருப்பதைச் சுட்டிக்காட்டி, நிர்வாகசபையிலேயே ஒருவர் சந்தேகம் கிளப்பியிருப்பதாக அறிகிறேன். நூலில் கட்டியிருந்த பேனா எட்டாவது இன்னிங்ஸோடு மை தீர்ந்துவிட்டது. எனது சட்டைப்பையில் இருந்தது கறுப்புப் பேனா. அருகில் இருந்த இருவர் இதற்குச் சாட்சி. ஒருவர் இன்றைக்கு வரவில்லை. மற்றவர் அந்த நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். விடயம் இத்துடன் முடிந்ததாகக் கருதுகிறேன்.

அன்றிரவு மண்டபத்தில் நிற்க இடமில்லை. மே மாதத்தில் புரொஜெக்டருக்கு முன் நானும் பொருளாளரும் மட்டும் இருந்து பார்த்த ஆட்டங்கள் பல. ஒக்ரோபரில் முளைத்த உறுப்பினர்கள் கதிரைகளை ஆளுக்கு இரண்டாகப் பிடித்து, ரோல்ஸை முதல் மூன்று இன்னிங்ஸுக்குள் முடித்து, மனேஜரைத் திட்டிவிட்டுப் போனார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வருடச் சந்தாவான 20 டொலரை இன்னும் தரவில்லை. ஒஹ்டானியின் சம்பளத்தைக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய கணக்கல்ல.

வரவுசெலவு விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், வரவைவிடச் செலவு சற்றுக் கூட. மண்டபவாடகையும் சிற்றுண்டியும்தான் முக்கிய செலவுகள். குறைந்ததை ஒருவர் தற்காலிகமாகத் தன் கையிலிருந்து போட்டிருக்கிறார். பெயர் சொல்ல விரும்பவில்லை. அறிக்கை வாசிப்பவருக்கு அவரை நன்றாகத் தெரியும்.

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், சிற்றுண்டி செய்து தந்த சகோதரிகளுக்கும், புரொஜெக்டர் இரவல் தந்த அன்பருக்கும், மண்டபப் பொறுப்பாளருக்கும் நன்றி. ஏழாவது ஆட்டம் முடிந்தபின் நின்று கதிரைகளை அடுக்கிய நான்கு இளைஞர்களுக்கு விசேட நன்றி.

அடுத்த வருடத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறேன். 2025 பருவம் முடிந்ததும் பிஷெற் சுயாதீன வீரரானார். அவரை எந்த விலைக்கும் வைத்திருக்கவேண்டும் என்றது ஒரு கட்சி. அந்த முழங்காலுக்கு நீண்ட ஒப்பந்தம் ஆபத்து என்றது மறு கட்சி. இரு கட்சியும் அடுத்த வாதத்தைக் கொப்பியின் புதிய பக்கத்தில் இன்றைக்கே எழுதலாம். பேனா மாற்றியாயிற்று, நீலம்தான். செயலாளர் பதவியைப் பொறுத்தவரை, வேலைப்பளு காரணமாக விலகும் எண்ணம் எனக்கு உண்டு. தகுதியான ஒருவர் முன்வந்தால் கொப்பியையும் மண்டபத் திறப்பையும் மகிழ்ச்சியுடன் கொடுப்பேன். சென்ற வருடமும் இதையே கேட்டேன், யாரும் வரவில்லை. இம்முறையும் வராவிட்டால், முன்மொழிபவரும் வழிமொழிபவரும் சந்தா கட்டியவர்களாக இருக்கவேண்டும் என்ற யாப்பு விதியை மட்டும் நினைவூட்டுகிறேன். பொருளாளர் வாசலடி மேசையில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு இருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்