புற்றுநோய் டாக்டர்களுக்கு ஆய்வுப் பயிற்சியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் புற்றுநோய், ரத்தநோய் உயர்சிறப்புப் படிப்பு இடங்களைக் கூட்ட வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கும் அதே ஆசைதான். கூடவே கேட்க வேண்டியது இன்னொன்று உண்டு. டி.எம். என்ற அந்த உயர்சிறப்புப் படிப்பை முடித்து வரும் டாக்டர், நோயாளிகளிடையே முறையாக ஆய்வு நடத்தக் கற்றுக்கொள்ள, சம்பளத்தோடு ஒன்றிரண்டு வருட ஃபெலோஷிப் நம் அரசு மருத்துவமனைகளில் வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. புற்றுநோய்ப் பிரிவில் மருந்து ஆய்வுகளுக்கு ஒருங்கிணைப்பாளராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஒப்புதல் படிவங்களைச் சரிபார்ப்பது, ரத்த மாதிரி நேரத்துக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது, ஆய்வில் சேருபவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதுவது எல்லாம் எங்கள் பொறுப்பு.

எங்களிடம் வரும் இளம் டாக்டர்கள் கெட்டிக்காரர்கள். கீமோ அளவு கணக்கிடுவதிலும், இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுப்பதிலும் கை தேர்ந்தவர்கள். ஆய்வுக் கோப்பு கைக்கு வந்தால்தான் திணறுகிறார்கள். ஓர் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒற்றைக் கோடு போட வேண்டும். பழைய எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். ஒயிட்னரைத் தொடவே கூடாது. இதை அவர்களுக்கு முதல் தடவையாகச் சொல்லித்தருவது பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்தான். புது மருந்து ஆய்வில் இருக்கும் ஒருவருக்கு ரத்தத்தில் வெள்ளணு குறைந்து, காய்ச்சலோடு ராத்திரி அட்மிட் ஆனால், டாக்டர் உடனே ஆன்டிபயாடிக் ஏற்றி ஆளைக் காப்பாற்றிவிடுகிறார். அதே விஷயம் 24 மணி நேரத்துக்குள் நெறிமுறைக் குழுவுக்கும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் போயாக வேண்டும் என்று புது மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகள் சொல்வது, மறுநாள் காலை நான் போன் செய்த பிறகே பலருக்குத் தெரியவருகிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை. எங்கே சொல்லித்தந்தார்கள்?

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, பட்டத்துக்காக டாக்டர்கள் ஆய்வு செய்து எழுதும் தீசிஸ் விஷயம். எத்தனை நோயாளிகள் இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று புள்ளியியலாளரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் ஆய்வைத் தொடங்க வேண்டும். நான் பார்த்த பல தீசிஸ்களில் படிப்பு முடிவதற்குள் எத்தனை பேர் கிடைத்தார்களோ அதுதான் கணக்கு. 40 பேரில் இரண்டு சிகிச்சைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், நிஜமாகவே வித்தியாசம் இல்லையா, ஆள் போதவில்லையா? யாராலும் சொல்ல முடியாது. பைண்டிங் செய்து அலமாரிக்குப் போய்விடும். அந்த 40 பேரும் ஊசிக் குத்து வாங்கி ரத்தம் கொடுத்தவர்கள். கூடுதலாக பஸ் ஏறி வந்தவர்கள்.

பயிற்சி என்ன செய்யும் என்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். மும்பை டாடா மெமோரியல் மையமும், புற்றுநோய் மருத்துவமனைகளை இணைக்கும் தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பும் 2015 முதல் ‘கிரெடோ’ என்ற பயிலரங்கை நடத்துகின்றன. ஆய்வு யோசனையோடு போகும் டாக்டர், அங்கேயே தங்கி, ஆசிரியர்களோடு மல்லுக்கட்டி, முழு ஆய்வுத் திட்டமாக எழுதிக்கொண்டு திரும்புகிறார். அப்படிப் போய்வந்த ஒரு டாக்டர், மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் வந்த ஒரு அம்மாவிடம் ஒப்புதல் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். “இது என் நல்லதுக்கா தம்பி, இல்ல உங்க படிப்புக்கா?” என்று அந்த அம்மா நேராகவே கேட்டார். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ரெண்டு மருந்துல எது நல்லதுன்னு எங்களுக்கே இன்னும் தெரியலம்மா. தெரிஞ்சா அதையே உங்களுக்குக் கொடுத்துடுவேன். சேர வேணாம்னு சொன்னாலும் உங்க வைத்தியம் ஒண்ணும் குறையாது” என்றார். அந்த அம்மா ஒரு நாள் அவகாசம் கேட்டு, மகளோடு பேசிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். ஆய்வு என்றாலே சோதனை எலி ஆக்குகிறார்கள் என்ற பயம் நம் மக்களுக்கு இருக்கிறது. இப்படிப் பேசத் தெரிந்த டாக்டர்தான் அதற்கு மருந்து.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. அடையாறு புற்றுநோய் நிலையம், டாடா மெமோரியல், டெல்லி எய்ம்ஸ் மூன்றும் 1984-ல் எம்.சி.பி.841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தில், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வைத்தியம் பார்க்கத் தொடங்கின. நோய் திரும்பாமல் நான்காண்டு தாண்டியவர்கள் அதற்கு முன் 20 சதவீதத்துக்கும் குறைவு. அது 45 முதல் 60 சதவீதம் வரை உயர்ந்தது. வேலூர் சி.எம்.சி.யில் 1998 முதல் 2004 வரை, ஒரு வகைக் கடும் ரத்தப் புற்றுநோய்க்கு, கட்டுப்படியாகாத வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக ஆர்செனிக் மருந்தை மட்டும் 72 பேருக்குக் கொடுத்துப் பதிவு செய்தார்கள். மூன்றாண்டு உயிரோடிருந்தவர்கள் 86 சதவீதம் என்று 2006-ல் வெளியானதை உலகமே படித்தது. டாடா மெமோரியலில் முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமாக 240 மில்லிகிராம் போடும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் நிவோலுமாப் மருந்தை வெறும் 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மாத்திரைகளோடு சேர்த்துப் பாதிப் பேருக்குக் கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்ட மீதிப் பேரில் ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 16 சதவீதம். இந்த மருந்தும் பெற்றவர்களில் 43 சதவீதம். மருந்து கம்பெனி தன் மருந்தைக் குறைத்துப் போடச் சொல்லி ஆய்வு நடத்துமா? குறைந்த அளவு போதுமா என்பது நம் டாக்டர்கள்தான் கேட்க வேண்டிய கேள்வி.

புறநோயாளி வரிசை வாசல் வரை நிற்கும்போது ஆய்வுக்கு ஆளை ஒதுக்க முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்த வரிசையில் நிற்பவர்களுக்கு எட்டும் விலையில் வைத்தியம் கிடைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கிரெடோ போன்ற ஒரு வாரப் பயிலரங்கு மட்டும் போதாது. ஊர் திரும்பியதும் வார்டு அவர்களை விழுங்கிவிடுகிறது. அமெரிக்க ரத்தவியல் சங்கம் தன் இளம் டாக்டர்களை 2003 முதல் ஓராண்டு முழுக்க ஒரு மூத்த ஆய்வாளரின் துணையோடு ஆய்வில் பழக்குகிறது.

டி.எம். முடித்தவர்கள் எப்படியும் அரசு மருத்துவமனையில் ஒப்பந்தக் காலம் பணியாற்றுகிறார்கள். விருப்பமுள்ள சிலருக்கு அந்தக் காலத்தையே ஃபெலோஷிப்பாக மாற்றித்தரலாம். வாரத்தில் இரண்டு நாள் டூட்டி ரோஸ்டரில் அவர்கள் பெயர் வரக் கூடாது. அந்தத் துறைக்கென்று நிரந்தரப் புள்ளியியலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். சுகாதாரத் துறை முதலில் சென்னையில் ஒன்று, தெற்கே ஒன்று என்று இரண்டு மருத்துவமனைகளிலாவது அடுத்த கல்வியாண்டில் இதைத் தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஆய்வு ஒருங்கிணைப்பாளர் ஒருவர்,
மதுரை