ஷெனண்டோவாவுக்கு இலை பார்க்கப் போகும் நண்பர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

அக்டோபர் வந்துவிட்டால், இலைகள் மஞ்சளும் சிவப்புமாக நிறம் மாறுவதைப் பார்க்க அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள நம் தமிழ்க் குழுக்கள் ஷெனண்டோவா தேசியப் பூங்கா மலைக்குக் கிளம்பிவிடும். மலைமுகட்டில் ஓடும் ஸ்கைலைன் டிரைவ் சாலையில் காரை நிறுத்தி நிறுத்திப் படம் எடுப்போம், கட்டுச்சாதத்தைப் பிரிப்போம், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். சந்தோஷமான நாள்தான். அதில் இரண்டு மணி நேரத்தை மட்டும், முன்பு அந்த மலையில் வாழ்ந்த குடும்பங்களின் சுவடுகளைப் பார்க்க ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

105 மைல் நீளும் அந்தச் சாலையோரக் காட்டில் பல இடங்களுக்கு நூறு வயதுகூட ஆகவில்லை. முன்பு அங்கே சோளக்கொல்லையும் ஆப்பிள் தோட்டமும் மேய்ச்சல் நிலமும் இருந்தன. தேசியப் பூங்கா அமைக்க நிலம் வேண்டும் என்று மாநில அரசு 1928இல் சட்டம் போட்டது. சிலர் விற்றார்கள், மறுத்தவர்களின் நிலத்தைச் சட்டப்படி எடுத்துக்கொண்டார்கள். பூங்கா உருவானது 1935இல். 500க்கும் மேற்பட்ட குடும்பங்கள் மலையை விட்டு இறங்கின. சொந்த நிலம் இல்லாமல் குடியிருந்தவர்களுக்கு நிலத்துக்கான பணமும் இல்லை. வயதான சிலரை மட்டும் ஆயுள் முழுக்க இருக்க விட்டார்கள். அவர்களில் கடைசியாக இருந்த மூதாட்டி இறந்தது 1979இல்!

நாம் வியக்கும் நிறங்களிலும் இந்த வரலாறு இருக்கிறது. 1904இல் நியூயார்க்கில் முதலில் தென்பட்ட ஒரு பூஞ்சை நோய், சில பத்தாண்டுகளில் இந்த மலைத்தொடரின் செஸ்ட்நட் மரங்களைக் கிட்டத்தட்ட துடைத்தெடுத்துவிட்டது. மலைக்குடும்பங்களுக்குக் கையில் காசு கொடுத்த மரம் அது. அதன் இடத்தை ஓக், ஹிக்கரி மரங்கள் பிடித்தன. உழுவாரில்லாத வயல்களில் டியூலிப் பாப்லர் என்ற மரம் ஓங்கி வளர்ந்தது. இன்று மஞ்சளாக மின்னும் சரிவுகளில் பாதிக் கதை இதுதான்.

அதனால் ஸ்கைலைன் டிரைவின் வடக்கு முனையிலிருந்து 4.6ஆவது மைலில் டிக்கி ரிட்ஜ் வரவேற்பு மையத்தில் இறங்குங்கள். எதிரே ஃபாக்ஸ் ஹாலோ பாதை, சுமார் 1.2 மைல் சுற்று. குழந்தைகளும் நடந்துவிடுவார்கள், திரும்பும்போது கொஞ்சம் ஏற்றம், அவ்வளவுதான். உள்ளே போனதும் மரங்களுக்கு நடுவே பாசி படிந்த கற்குவியல்கள் வரும். உழுவதற்காக நிலத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்ட கற்கள் அவை. அப்புறம் ஃபாக்ஸ் குடும்பத்தின் சின்ன இடுகாடு. அங்கே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், கற்களை நகர்த்த வேண்டாம். இப்படிப்பட்ட இடுகாடுகளுக்கு அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் இன்னும் வந்துபோகிறார்கள்.

நம்மில் பலரும் ஊரை விட்டு வந்தவர்கள்தான். ஆனால் நாம் விரும்பி வந்தோம். அந்த வித்தியாசத்தை நம் பிள்ளைகளுக்கு அந்தக் கற்குவியலின் பக்கத்தில் நின்று சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

ஏற்பாடு செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அழைப்பை அனுப்பும்போதே இந்தக் குடும்பங்களைப் பற்றி நாலு வரி சேர்த்துவிடுங்கள். முடிந்தால் வார நாளில் போங்கள், இல்லையென்றால் காலையிலேயே நுழைந்துவிடுங்கள். அக்டோபர் சனி, ஞாயிறுகளில் நுழைவாயிலிலேயே கார்கள் வரிசைகட்டி நிற்கும், நடக்க ஒதுக்கிய நேரம் அங்கேயே போய்விடும்.

அன்புடன்,
உங்களோடு மலையேறும் ஒரு நண்பர்