கம்பெனி கார் ஓட்டுபவர்களுக்கும், அந்த வண்டிகளைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகளில் கம்பெனி கார்கள் கூடிக்கொண்டே போகின்றன. ஓட்டுபவர் ஒருவர், பில் கட்டுவது அவர் வேலை பார்க்கும் நிறுவனம், வண்டி பெரும்பாலும் அதை நீண்டகால வாடகைக்குக் கொடுக்கும் லீசிங் நிறுவனத்தின் பெயரில். இதுவரை ஷோரூம் சர்வீஸிலேயே இருந்த வண்டிகள் இவை. எங்களிடம் வரும்போது ஓட்டுபவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது: "எத்தனை தடவை விட்டாலும் கழுவித் துடைத்துக் கொடுக்கிறார்கள், சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது."

வரும் மாதம் முதல் கம்பெனி கார்களை எடுத்துக்கொள்ளும் முறையை மாற்றுகிறோம். முக்கியமான மாற்றம் ஒன்றுதான். வண்டியில் கோளாறு என்றால், அதை ஓட்டுபவரே வந்து, வேலை பார்க்கப்போகும் மெக்கானிக்கிடம் நேராகச் சொல்ல வேண்டும். சாவியை வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பினால் வழக்கமான சர்வீஸ் செய்து தருவோம். கோளாறு பார்க்கும் வேலையைத் தொட மாட்டோம் (நேரில் வரவே முடியாதவர்களுக்கான வழி கடைசியில் இருக்கிறது). வேலை நாளில் நேரம் ஒதுக்கி வருவது சிலருக்குச் சிரமம் என்று தெரியும். அதனால்தான் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

ஒரு குறை ஓட்டுபவரிடமிருந்து மெக்கானிக்கிடம் போய்ச் சேரும் வழியைப் பாருங்கள். ஓட்டுபவர் தன் அலுவலகத்தில் வண்டிகளைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்கிறார். அவர் ஷோரூமுக்கு போன் செய்து தேதி வாங்குகிறார். அன்றைக்கு வண்டியை விடுவது பெரும்பாலும் மூன்றாவது ஆள். அங்கே சர்வீஸ் அட்வைசர் கேட்டதைச் சுருக்கி ஜாப் கார்டில் எழுதுகிறார். மெக்கானிக் கைக்கு வருவது அந்தக் கார்டு மட்டும். "வேகமாகப் போகும்போது பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது" என்று கிளம்பிய பேச்சு, அங்கே போய்ச் சேரும்போது "வைப்ரேஷன் செக்" என்று இரண்டே சொல்லாக நிற்கும். மெக்கானிக் வளாகத்துக்குள் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். உதறல் இருக்காது. "சோதித்தோம், நார்மல்" என்று எழுதி வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அந்தச் சுருக்கத்தில் விழுந்துபோனது "பிரேக் மிதித்தால்" என்பது. கோளாறே அதில்தான் இருந்தது. வேகத்தில் போய் பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் உதறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது முன் பிரேக் டிஸ்க்கை. டிஸ்க்கின் கனம் சுற்றிலும் ஒரே சீராக இல்லாமல், மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு கூடக் குறைய இருந்தாலே கையில் தெரியும். பிரேக்கைத் தொடாமலேயே 100 கி.மீ. வேகத்தை ஒட்டி உதறல் வந்து, வேகம் மாறினால் குறைந்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் வீல் பேலன்ஸ். இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு செலவு. வளாகத்துக்குள் ஓட்டிப் பார்த்தால் இரண்டுமே தெரியாது.

சத்தமும் அப்படித்தான். வேகம் கூடக் கூட ஏறும் "ஊம்" என்ற இரைச்சல், இடது பக்கம் வளையும்போது பலமாகி வலது பக்கம் வளையும்போது அடங்கினால், பாரம் ஏறுகிற வலது பக்க வீல் பேரிங்கைப் பார்க்க வேண்டும். சாலைப் பரப்பு மாறும்போது இரைச்சலும் மாறினால் அது டயர். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் "டக் டக்" என்றால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயின்ட். சின்ன மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது தட்டினால் சஸ்பென்ஷனிலுள்ள ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது ரப்பர் புஷ். எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்ற விவரம் தினமும் அந்த வண்டியில் உட்காருபவரிடம் மட்டுமே இருக்கிறது. நல்ல மெக்கானிக்குக் கிடைக்கும் தடயங்களில் பாதி அதுதான். அதை இடையில் நாலு பேர் கைமாற்றினால் ஒன்றும் மிஞ்சாது.

"ஸ்கேனர் போட்டால் தெரிந்துவிடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். வண்டியே தன் கோளாறைக் குறித்து வைத்துக்கொள்ளும் ஓபிடி-2 வசதி அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயமானது. ஐரோப்பாவில் அதேபோன்ற விதி பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் வந்தது. மிகவும் உதவியான வசதி, சந்தேகமில்லை. ஆனால் எரர் கோடு சொல்வது எந்த அளவு வரம்பைத் தாண்டியது என்பதை. எந்த பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. பி0171 என்ற கோடு வந்தால், இன்ஜினுக்குள் காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதவில்லை என்று பொருள். ரப்பர் குழாயில் விரிசல் விட்டுக் காற்று புகலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் பலவீனமாகியிருக்கலாம். பி0420 வந்தவுடன், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையே மாற்றச் சொல்லும் எஸ்டிமேட்டுகளை நாங்கள் பார்க்கிறோம். வண்டியில் விலை கூடிய பாகங்களில் அது ஒன்று. புகைக்குழாயில் கசிவு இருந்தாலும், பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சரியாக வேலை செய்யாவிட்டாலும் அதே கோடு வரலாம். இவற்றைப் பார்க்காமல் கன்வர்ட்டரில் கை வைப்பது தவறு.

இங்கே உங்களிடம் ஒரு வேண்டுகோள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், வருவதற்கு முன் யாரிடமும் சொல்லி அதை அழித்துவிடாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றியும் மாட்டாதீர்கள். கோடு பதிவான நேரத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது, இன்ஜின் எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதெல்லாம் அதனுடன் சேர்ந்தே பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

ஷோரூமில் ஏன் இப்படி நடக்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அங்கே வேலை செய்பவர்கள் பலர் கைதேர்ந்தவர்கள்; அந்தக் குறிப்பிட்ட மாடலைப் பற்றி எங்களைவிட அதிகம் தெரிந்தவர்கள். அவர்கள் வேலை செய்யும் ஏற்பாடுதான் கோளாறு தேடுவதற்குத் தோதாக இல்லை. பல இடங்களில் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே கணக்கு உண்டு. பிரேக் பேடு மாற்றுவதற்கு நேரம் இருக்கும். எப்போதாவது வந்து போகும் ஒரு சத்தத்தைத் தேடி ஓட்டிப் பார்ப்பதற்கு நேரம் இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். வாரண்டி வேலைக்குப் பணம் தர வேண்டியது தயாரிப்பாளர். கோளாறை நிரூபித்துக் காட்டாவிட்டால் அந்தப் பணம் வராமல் போகலாம். அப்புறம் யார்தான் தேடுவார்கள்?

கம்பெனி காரில் இது இன்னும் மோசமாகிறது. ஓட்டுபவருக்குக் கேட்கும் உரிமை இருப்பதாகத் தோன்றுவதில்லை, ஏனென்றால் வண்டி அவருடையதல்ல. பணம் கட்டுபவருக்கு அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. இந்த இடைவெளியில்தான் தேவையில்லாத வேலைகள் பில்லில் ஏறுகின்றன: இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி டிரீட்மென்ட். "கம்பெனிதானே கட்டுகிறது" என்று ஓட்டுபவர் கையெழுத்துப் போடுகிறார். "ஷோரூம் சொல்லிவிட்டது" என்று அலுவலகம் பணம் கட்டுகிறது. இது எங்களுக்குக் கோபத்தைத் தருகிற விஷயம். சரியான காலத்தில் ஆயில் மாற்றி வந்த ஒரு வண்டிக்கு ஒவ்வொரு சர்வீஸிலும் இன்ஜின் ஃப்ளஷ் எதற்கு? வண்டியோடு வந்த கையேட்டில் சர்வீஸ் அட்டவணை இருக்கும். அதில் இல்லாத எந்த வேலையை யார் சொன்னாலும், நாங்கள் சொன்னாலும், காரணம் கேளுங்கள்.

அதே அட்டவணையில் இருந்தாலும் விடுபட்டுப்போகும் வேலைகளும் உண்டு. பல நிறுவனங்கள் ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்த்து சர்வீஸுக்கு அனுப்புகின்றன. அட்டவணை "இத்தனை கி.மீ. அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது" என்றுதான் இருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு அதே தரவிதி வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது இந்த வித்தியாசம் உயிரோடு விளையாடும். வண்டி ஓடாமல் நின்றாலும் ஈரம் ஏறத்தான் செய்யும். அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

டீசல் கார் வைத்திருக்கும் நிறுவனங்கள் இந்தப் பகுதியைத் தயவுசெய்து கவனமாகப் படிக்க வேண்டும். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் நிரம்பியதும் வண்டி தானாகவே அதை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு ஃபில்டர் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடாக வேண்டும். அதற்காகக் கூடுதல் டீசல் செலுத்தப்படும். இது முடியக் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். பக்கத்திலேயே போய்வந்து அடிக்கடி நிறுத்தப்படும் வண்டியில் அது பாதியில் நின்றுபோகும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால், பல வண்டிகளில் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். டீசல் வாடையும் அடிக்கும். இது இன்ஜினுக்கு நல்லதல்ல, ஆயில் நீர்த்துப்போகிறது.

இப்படி ஒரு வண்டி வந்தால் கருவி வைத்துக் கட்டாயமாக எரித்து, விளக்கை அணைத்து, பில் போட்டுக் கொடுப்பது சுலபம். சில மாதத்தில் அதே வண்டி அதே விளக்கோடு திரும்ப வரும். ஃபில்டர் எரிக்கும்போது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது (ஐடிலில்) அது சுற்றும் வேகம், அதாவது ஆர்பிஎம், கொஞ்சம் கூடியிருக்கும், நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றும். இந்த அடையாளங்களை ஓட்டுபவருக்குக் காட்டிக்கொடுத்து, அந்த நேரத்தில் வண்டியை நிறுத்தாமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னாலே பல வண்டிகள் சரியாகிவிடும். அப்படியும் முடியாத பயன்பாடு என்றால், அந்த ஊழியருக்கு டீசல் கார் ஒத்துவராது என்று நிறுவனத்துக்கே எழுதிக் கொடுப்போம்.

வாரண்டி பற்றிய பயத்துக்கு வருகிறோம். வெளியே சர்வீஸ் செய்தாலே வாரண்டி போய்விடும் என்பது பல நாடுகளில் சரியல்ல. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மக்னசன்-மாஸ் சட்டமும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010-ஆம் ஆண்டின் 461 எண் கொண்ட விதியும் இதில் வாடிக்கையாளர் பக்கம் நிற்கின்றன. ஆனால் எங்கேயானாலும் தயாரிப்பாளர் சொன்ன தரத்திலுள்ள ஆயில் ஊற்றியிருக்க வேண்டும், செய்த வேலைக்குப் பதிவு இருக்க வேண்டும். இதைவிட முக்கியமானது உங்கள் லீசிங் ஒப்பந்தம். சில ஒப்பந்தங்கள் ஷோரூமில்தான் சர்வீஸ் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும். அப்படியானால் எங்களிடம் வராதீர்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது வீணாகப் பணம் பிடிப்பார்கள். ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

வாரண்டிக்குள் வரும் பழுது, ரீகால் (குறையுள்ள வண்டிகளைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்துச் சரிசெய்வது), தயாரிப்பாளர் வெளியிடும் மென்பொருள் திருத்தம் ஆகியவற்றுக்கு நாங்களே உங்களை ஷோரூமுக்குத் திருப்பி அனுப்புவோம். உங்கள் வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணை வைத்து ரீகால் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வோம். அங்கே கொண்டுபோக, கோளாறு எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், எந்த நிலையில் வருகிறது என்று ஒரு தாளில் எழுதியும் தருவோம். அந்தத் தாளை ஜாப் கார்டோடு இணைக்கச் சொல்லுங்கள். "நார்மல்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது அப்புறம் அவ்வளவு எளிதாக இருக்காது.

இனி எங்கள் பக்கம். கோளாறு சொல்லி வரும் வண்டியை முதலில் நீங்கள் ஓட்டுவீர்கள், மெக்கானிக் பக்கத்தில் உட்காருவார். சத்தம் உங்கள் கையில்தான் வரும். எஸ்டிமேட்டில் இப்போதே செய்ய வேண்டியது, தள்ளிப்போடலாம் என்பது, தேவையில்லை என்பது மூன்றும் தனித்தனியாக இருக்கும். ஓட்டுபவருக்கும் நிறுவனத்துக்கும் ஒரே தாள்தான் போகும். தேய்மானம் என்று சொன்னால் அளவு இருக்கும்: பேடு இத்தனை மில்லிமீட்டர், டயர் இத்தனை மில்லிமீட்டர். டயருக்குப் பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் எல்லை 1.6 மி.மீ.; ஈரச் சாலையில் 3 மி.மீ.க்குக் கீழே போனதுமே பிடிமானம் குறையத் தொடங்குவதால் அதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவோம். கழற்றிய பழைய பாகம் டிக்கியில் இருக்கும், வேண்டாம் என்றால் சொல்லுங்கள்.

லீசிங் நிறுவனத்தின் ஒப்புதல் வரும்வரை வேலையைத் தொடங்க மாட்டோம். பிரேக், ஸ்டியரிங், டயர் ஆகியவற்றில் ஆபத்து தெரிந்தால் ஒப்புதலுக்குக் காத்திராமல் இரு தரப்புக்கும் உடனே போன் செய்து, வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்வோம். தேடியும் கிடைக்காத கோளாறு என்றால், எதையெதைச் சோதித்தோம், எது சரியாக இருந்தது என்று எழுதித் தருவோம். அடுத்து யார் பார்த்தாலும் அங்கிருந்து தொடங்கலாம்.

நேரில் வரவே முடியாதவர்கள், சத்தம் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கொண்டு போனில் பதிவு செய்து, உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு குரல் செய்தியும் சேர்த்து அனுப்புங்கள். மெக்கானிக் அதைக் கேட்டுவிட்டு உங்களை அழைப்பார். வண்டி விடும் நாளில் சர்வீஸ் புத்தகம், கையேடு, லீசிங் நிறுவனத்தின் தொடர்பு விவரம் ஆகியவற்றோடு வீல் நட் பூட்டின் சாவியும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் டாஷ்போர்டு பெட்டியிலோ ஸ்டெப்னிக்குப் பக்கத்திலோ இருக்கும். அது இல்லாவிட்டால் சக்கரத்தைக் கழற்ற முடியாமல் வண்டி அன்று முழுக்க நின்றுவிடும்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து